செட்பேக்கில் ஷீட் போட்டு கார் நிறுத்தலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நங்கநல்லூரில் எட்டு வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடி எங்களுடையது. தூண்களுக்கு நடுவே நாலு கார்தான் நிற்கும், மற்றவை தெருவில். பக்கவாட்டில் மூன்று மீட்டர் செட்பேக், அதாவது கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே விதிப்படி விட்ட காலி இடம், இருக்கிறது. அங்கே இரும்புக் கால் ஊன்றி ஷீட் போடலாம் என்கிறார் ஒரு வீட்டுக்காரர். "தற்காலிகம்தானே சார், எப்ப வேணா கழட்டிடலாம்" என்பது அவர் வாதம். கான்கிரீட்டில் போல்ட் இறக்கிய பிறகு என்ன தற்காலிகம்?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டினேன். ஒரு காருக்கு 2.5-க்கு 5 மீட்டர் இடம் வேண்டும். அப்படியானால் அந்த மூன்று மீட்டரில் மிஞ்சுவது அரை மீட்டர். அவசரத்துக்கு ஸ்ட்ரெச்சர்கூடப் போகாது. அதைச் சொன்னால், விதியெல்லாம் மாறிவிட்டது என்கிறார். திருத்தங்கள் வந்தது உண்மைதான். ஆனால் செட்பேக்கில் ஷெட் போட அனுமதிக்கும் வரி எதுவும் என் கண்ணில் படவில்லை.

திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த தமிழ்ப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? இப்படி ஷெட் போட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் இருந்தால், அப்புறம் என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அதற்குள் தெரிந்தால் நல்லது.