ஆச்சி வீட்டு குரூப்பு: மாவு ஆட்டி முடியுறதுக்குள்ள ஒரு எபிசோட்

குரூப்: வண்ணார்பேட்டை ஆச்சி வீடு 🏠
ஞாயிறு, 1 டிசம்பர் 2024

[9:42] கார்த்தி சென்னை: எல்லாரும் சேஃப் எல்லாரும் சேஃப், ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணாதீங்க. நேத்து முழுக்க வெளிய போகல, தெருவுல முழங்கால் தண்ணி, ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, நல்ல வேளை கரண்ட் போகல

[9:45] பெரியப்பா: புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது... மொட்டை மாடி தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும்...

[9:47] செல்வி சித்தி: கரண்ட் இருந்துச்சுல்லா, அப்போ என்னத்த பாத்த அத சொல்லு

[9:48] கார்த்தி சென்னை: 😂 பாரசூட். வெள்ளிக்கிழமைதான் ஹாட்ஸ்டார்ல போட்டாங்க, நேத்து ஒரே நாள்ல முடிச்சுட்டேன்

[9:48] செல்வி சித்தி: முடிச்சது இருக்கட்டும். முதல் எபிசோட் எப்பிடி

[9:50] நிவேதா: சித்தி அது என்ன எப்பவும் முதல் எபிசோட் மட்டும் கேக்கீங்க? கல்யாணமாகி வந்ததுலருந்து பாக்கேன் 😄

[9:55] செல்வி சித்தி: நீ புதுசு உனக்கு தெரியாது மா. ஞாயித்துக்கிழமைதான் நான் வாரத்துக்கு மாவு ஆட்டுவேன், உளுந்து போட்டு எடுத்து அரிசி போட்டு முடிய ஒரு மணி நேரம் பக்கம் ஆவும், அந்த நேரத்துக்கு ஃபோன ஜன்னல்ல சாத்தி வச்சி ஏதாவது ஒண்ணோட முதல் எபிசோட் பாப்பேன். மாவு வழிக்கும்போது அடுத்தது போடணும்னு கை பரபரன்னு வந்தா அது நல்ல சீரீஸ், வரலன்னா கைய கழுவிட்டு வேற சோலிய பாக்க போயிருவேன். ரெண்டு வருசமா இதான் கணக்கு, இதுவரைக்கும் தப்புனதில்ல

[9:57] ப்ரியா டல்லாஸ்: சித்தி இங்க இதுக்கு பேரே இருக்கு, பைலட்

[9:59] பெரியப்பா: பைலட் என்றால் மந்திரி காருக்கு முன்னால் போகும் வண்டி அல்லவா...

[10:00] மைனி: 108 ஆம்புலன்ஸ் டிரைவரையும் பைலட்னுதான் சொல்லுவாங்க மாமா, எங்க ஆஸ்பத்திரில தினமும் "பைலட் சார் ஸ்ட்ரெச்சர் எடுங்க"ன்னு கத்துறோம்

[10:04] ப்ரியா டல்லாஸ்: ஹாஹா பெரியப்பா சொன்னதும் சரிதான், முன்னாடி போற வண்டி மாதிரிதான். ஒரே ஒரு எபிசோட் எடுத்து பாப்பாங்க, அது தேறுனாதான் மிச்சத்துக்கு காசு. வழக்கமா கம்பெனிக்காரங்க மட்டும் உக்காந்து பாத்து முடிவு பண்ணுவாங்க, ஆனா 2013ல அமேசான் 14 பைலட்டை அப்படியே வெளிய விட்டு ஜனங்களே பாத்து சொல்லுங்கன்னு விட்டுட்டாங்க. அதுல ஒண்ணு ஹிட்டான ஜாம்பி படத்தோட சீரீஸ், அந்த படத்தோட ரசிகருங்களே திட்டித் தீத்து முதல் எபிசோடோட காலி. அப்புறம் கொஞ்ச வருஷத்துல அந்த முறையையே நிறுத்திட்டாங்க

[10:06] செல்வி சித்தி: நம்மூர்ல மொத்தத்தையும் எடுத்து ஒரே ராத்திரில கொட்டிருதாவ, பொறவு நம்ம என்ன சொல்லி என்ன

[10:07] செல்வி சித்தி: கார்த்தி பாரசூட் சொல்லுல

[10:12] கார்த்தி சென்னை: நல்லா இருக்கு சித்தி. கிஷோர்தான் அப்பா, செம கண்டிப்பு, பசங்க அவர் செருப்பு சத்தத்துக்கே நடுங்குதுங்க. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு, அப்பாவுக்கு தெரியாம மொபெட்டை எடுத்துட்டு கிளம்பிருதுங்க. அவ்ளோதான் கதை. அந்த சின்ன வண்டிய பாத்துட்டே நமக்கு வயிறு கலங்குது, கொலை இல்ல வில்லன் இல்ல

[10:13] செல்வி சித்தி: பொணம் இல்லையா?

[10:13] கார்த்தி சென்னை: இல்ல

[10:20] செல்வி சித்தி: அப்பாடா. நான் அதத்தான் கேக்கேன், ஏன்டா தமிழ்ல எந்த சீரீஸ தொறந்தாலும் முதல் எபிசோட்ல ஒரு பொணத்த போட்டுதான் ஆரம்பிக்காவ, நவம்பர் ஸ்டோரில ஒரு பொணம் அதுல பெயிண்ட் வேற ஊத்தியிருக்கு, இன்ஸ்பெக்டர் ரிஷில காட்டுக்குள்ள சிலந்தி வலை சுத்துன பொணம், நான் ஒரு பக்கம் உளுந்து நுரைச்சி வாரத பாப்பேனா இல்ல அந்த கண்றாவிய பாப்பேனா. செத்தவன் யாருன்னே தெரியாது, நமக்கு அவன் மேல என்ன பாசம் வரும், யார் கொன்னாலும் எனக்கென்னன்னுதான தோணும்

[10:22] கார்த்தி சென்னை: ஆனா சுழல் புடிச்சுதுல்ல உங்களுக்கு? அதுவும் க்ரைம்தான

[10:27] செல்வி சித்தி: சுழல் வேற. அதுல முதல்ல ஊர காட்டுனாவ, சிமெண்ட் ஃபேக்டரி, ஸ்ட்ரைக்கு, பார்த்திபன் யூனியன் லீடரா நிக்காரு, எதுத்தாப்புல ஸ்ரேயா ரெட்டி இன்ஸ்பெக்டர், ஒரு பக்கம் மயானக் கொள்ளை திருவிழா. அந்த புள்ள காணாம போகுததுக்குள்ள எனக்கு அந்த ஊர்ல பாதி பேர தெரிஞ்சிட்டு. அதான் வித்தியாசம். அன்னைக்கி மாவு புளிச்சே போச்சு, எடுத்து வைக்க மறந்துட்டேன்

[10:29] மைனி: ஹார்ட் பீட் பாக்கலியா சித்தி, எங்க நர்ஸ் ரூம்ல எல்லாரும் அதான். முதல்ல வாரத்துக்கு நாலு எபிசோட்னு போட்டாங்க, மொத்தம் 100

[10:30] செல்வி சித்தி: அது சீரியல் மைனி. ஜீன்ஸ் போட்ட சீரியல்

[10:31] மைனி: 😏 அப்பிடியே இருக்கட்டும், எனக்கு அதுல டாக்டரா வார அனுமோள் போதும். டூட்டி முடிச்சு வந்தா எனக்கு யோசிக்க வைக்கிற எதுவும் வேண்டாம்

[10:33] கார்த்தி சென்னை: ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ் நான் ரெண்டு எபிசோட் பாத்தேன், நாலு பசங்க நல்லா பண்றாங்க ஆனா முதல் எபிசோட்லயே ஆளுங்கள அள்ளி அள்ளி விடுறாங்க, யாரு யாருக்கு என்ன வேணும்னு நோட்டு போட்டு எழுதணும்

[10:36] நிவேதா: தலைவெட்டியான் பாளையம் பத்தி பெரியப்பாகிட்ட கேளுங்க, அன்னைக்கி பாத்துட்டு டிவியோட சண்டை போட்டாங்க

[10:49] பெரியப்பா: சண்டை இல்லை... 31 வருடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்... கதை நம் திருநெல்வேலி மாவட்டம் என்கிறார்கள்... சென்னைப் பையன் ஒருவன் ஊராட்சிச் செயலாளராக வேலை கிடைத்து இங்கே வருகிறானாம்... நம் ஊர்களில் செயலாளர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரன்தானே... கிளார்க் என்றுதான் கூப்பிடுவோம்... அவனுக்கு எந்த வீட்டில் எத்தனை ஆடு என்பது வரை தெரியும்... இது வடநாட்டில் எழுதிய கதை... உத்தரப்பிரதேசத்தில் அது நடக்கலாம்...

[10:51] கார்த்தி சென்னை: ஆமா பெரியப்பா, 2020ல வந்த இந்தி பஞ்சாயத்தோட ரீமேக்தான அது. எனக்கு அந்த இந்தி முதல் எபிசோட் ரொம்ப புடிக்கும், ஆபீஸ் சாவி தொலைஞ்சு போய் ஒரு முழு எபிசோடும் பூட்ட தொறக்கவே போயிரும்

[11:02] பெரியப்பா: தலைவர் பதவியில் மனைவி... அதிகாரம் முழுவதும் கணவர் கையில்... அது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை... சேத்தனும் தேவதர்ஷினியும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்... ஆனால் துணைத்தலைவரும் தலைவர் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள்... தமிழ்நாட்டில் செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்... ஆகவே எங்கே பார்த்தாலும் இந்த இரண்டு பேருக்கும்தான் தகராறு... ஒரு ஊரில் துணைத்தலைவர் கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் ஆறு மாதம் தெருவிளக்கு பல்பு மாற்றவில்லை... நானே போய் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்... அதை எடுத்தால் பத்து எபிசோட் வரும்...

[11:04] ப்ரியா டல்லாஸ்: பெரியப்பா நீங்க எழுதுங்க நான் பாக்குறேன் 👏

[11:05] செல்வி சித்தி: அத்தான் சொன்னதுலதான் விசயம் இருக்கு. பல்பு இல்லாத தெரு, கையெழுத்து போடாத ஆளு, முதல் எபிசோட் முடிஞ்சிட்டு

[11:10] நிவேதா: ஆச்சி பக்கத்துலதான் இருக்காங்க, அவங்க சொல்ல சொல்ல நான் டைப் பண்றேன். "அயலி நான் முழுசா பாத்தேன். அந்த புள்ள பெரியவளானத யார்கிட்டயும் சொல்லாம மறைச்சி பள்ளிக்கூடம் போவுதா. 1990ல நடக்க மாதிரி காட்டுதாவ. நான் அதுக்கு முப்பது வருசம் முன்னாடி, எட்டாங் கிளாஸோட நிப்பாட்டிட்டாவ. எனக்கு அந்த ரோசனை வரலையே"

[11:11] ப்ரியா டல்லாஸ்: ஆச்சி ❤️

[11:13] மைனி: அத்தை இத எங்ககிட்ட சொன்னதே இல்லையே

[11:15] நிவேதா: "யாரு கேட்டா"ங்காங்க 😅

[11:21] செல்வி சித்தி: சரி நான் அரிசி ஊற வச்சாச்சு, உளுந்து போட போறேன். இன்னைக்கி எத பாக்கட்டும்

[11:23] நிவேதா: சித்தி வதந்தி பாருங்க. பொணம் இருக்கு, கோவிச்சுக்காதீங்க, ஆனா உங்க கணக்குக்கு ஒத்து வரும். கன்னியாகுமரி பக்கம் ஒரு பொண்ணு செத்து கிடக்கா, எல்லாரும் அது ஒரு சினிமா நடிகைன்னு நினைச்சு ஊரு முழுக்க நியூஸ் பரவிருது, பாத்தா அந்த நடிகை உயிரோட வந்து நிக்கா. அப்போ செத்தது யாருன்னு யாருக்கும் கவலை இல்ல, அந்த இடத்துலதான் எஸ்.ஜே.சூர்யா புடிக்காரு. அவ யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணும், ஒவ்வொருத்தரும் அவள பத்தி ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க

[11:25] செல்வி சித்தி: 2022லருந்து எல்லாரும் சொல்லுதீங்க, சரி போட்டுட்டேன். நாகர்கோவில் பக்கம்லா, ஆச்சிக்கு பொறந்த ஊரு, ஆச்சி பாத்தாவளா

[11:27] நிவேதா: நேத்து ராத்திரி தனியா உக்காந்து பாத்தாங்க சித்தி, முதல் எபிசோட் மட்டும். ரொம்ப நல்லா இருக்காம்

[11:52] செல்வி சித்தி: உளுந்து எடுத்தாச்சு அரிசி போட்டாச்சு. நல்லாத்தான் போவுது, எனக்கு அந்த அம்மாக்காரி மேல ஒரு சந்தேகம் இருக்கு. ஆச்சிக்கு யார் மேல சந்தேகம்னு கேளு

[11:55] நிவேதா: 🚫 அட்மின் கார்த்தி சென்னை இந்த மெசேஜை நீக்கிட்டார்

[11:55] கார்த்தி சென்னை: நிவேதா!!!!! என்ன டைப் பண்ணிருக்கன்னு பாத்தியா

[11:56] நிவேதா: ஐயோ ஆச்சி சந்தேகம்னு சொன்னாங்கன்னு நினைச்சேன் நான் அப்படியே டைப் பண்ணிட்டேன்

[11:57] கார்த்தி சென்னை: சந்தேகம் இல்ல அது. கொலைகாரன் யாரு எதுக்கு எப்படின்னு மூணு வரில சொல்லிருக்காங்க. முதல் எபிசோட்ல அதெல்லாம் எப்படி தெரியும்

[12:01] நிவேதா: கண்டுபுடிச்சுட்டேன். தீபாவளிக்கு நீங்க இங்க வந்தப்போ இந்த டிவில கடைசி எபிசோட் பாதில விட்டுட்டு போனீங்கல்ல, ஆச்சி படத்த அமுக்குனதும் அது அங்கருந்தே ஓடிருக்கு. அவங்க அதத்தான் முதல் எபிசோட்னு நினைச்சு பாத்திருக்காங்க. "ஆரம்பத்துலயே எல்லாத்தையும் விளக்கமா சொல்லிட்டான், நல்ல படம்"னு சொல்றாங்க 😭

[12:02] ப்ரியா டல்லாஸ்: 😂😂😂😂 இங்க நடு ராத்திரி, சிரிச்சு புள்ள எந்திரிச்சுட்டா

[12:03] கார்த்தி சென்னை: சித்தி நீங்க பாக்கலல்ல? உடனே டெலீட் பண்ணிட்டேன்

[12:07] செல்வி சித்தி: ஃபோன்லதான்ல படமும் பாக்கேன், மேல வந்து நின்னுச்சு. படிச்சுட்டேன். அரிசி இன்னும் பாதிகூட அரையல, இனி இந்த கிரைண்டர் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்

[12:09] நிவேதா: சாரி சித்தி 🙏🙏 பாரசூட் போடுங்க, அத ஆச்சி இன்னும் பாக்கல

[12:31] பெரியப்பா: குளிக்கப் போயிருந்தேன்... யார் கொலை செய்தது?... ஏன் நீக்கினீர்கள்?... எனக்கு மட்டும் தனியாக அனுப்பவும்...