வணிகக்குறி ஆட்சேபணை: பயன்பாட்டுத் தேதியைத் தவறவிட்ட விண்ணப்பத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

வணிகக்குறி (டிரேட்மார்க்) வேலை பார்க்கும் நண்பர்களே, ஒரு சிக்கலுக்கு யோசனை வேண்டும்.

பதிவுக்கு விண்ணப்பித்திருப்பது ஒரு மசாலாப் பொடியின் பெயர்; 30ஆம் வகுப்பு (பதிவுக்கான பொருள் பிரிவு), சொல் குறி (படமில்லாமல் பெயர் மட்டும்). 2016 முதல் விற்பனையில் இருக்கும் பெயர். ஆனால் டிஎம்-ஏ என்ற பதிவு விண்ணப்பப் படிவத்தில் விண்ணப்பதாரர்கள் 'இனிமேல் பயன்படுத்தப்படும்' என்று குறித்துவிட்டார்கள். பயன்பாட்டு அஃபிடவிட் தயாரிக்கும் வேலை மிச்சம் என்று பலர் செய்கிற தவறுதான்.

பதிவகத்தின் பரிசோதனை அறிக்கையில் இரண்டு ஆட்சேபணைகள். 1999 வணிகக்குறிச் சட்டம் பிரிவு 9(1): பெயர் பொருளை வர்ணிக்கிறது. பிரிவு 11(1): அதே வகுப்பில் உச்சரிப்பில் ஒத்த முந்தைய குறி இருக்கிறது.

முதலாவதற்குப் பதில், விண்ணப்பத் தேதிக்கு முன்பே பயன்பாட்டால் பெயர் தனித்தன்மை பெற்றுவிட்டது என்ற வாதம். இரண்டாவதற்கு, பிரிவு 12இன் நேர்மையான உடன்நிகழ் பயன்பாடு, அதாவது ஒத்த குறியை இருவரும் நேர்மையாக ஒரே காலத்தில் பயன்படுத்தி வந்தார்கள் என்ற வாதம். இரண்டுக்கும் பயன்பாடுதான் அஸ்திவாரம். விண்ணப்பமோ பயன்படுத்தவே இல்லை என்கிறது! 2017 ஜூலைக்கு முந்தைய வாட் பில்கள், பிறகு ஜிஎஸ்டி பில்கள், உணவுப் பாதுகாப்பு உரிமம், பழைய பாக்கெட் அச்சுக்கூலி ரசீதுகள் கையில் உள்ளன.

டிஎம்-எம் (திருத்தக் கோரிக்கைப் படிவம்) வழியே பயன்பாட்டுத் தேதியைத் திருத்தக் கேட்டால் சென்னைப் பதிவகத்தில் இப்போது ஏற்கிறார்களா? அல்லது 4,500 ரூபாய் கட்டிச் சரியான தேதியுடன் புதிதாகப் போடுவதா? அப்படிச் செய்தால் பழைய விண்ணப்பத்தால் கிடைத்த முன்னுரிமைத் தேதி போய்விடும் என்பதே தயக்கம். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தாக்கல் செய்ய ஒரு மாதக் கெடுவில் 11 நாள்தான் பாக்கி. விசாரணையில் இதே நிலையைச் சந்தித்தவர்கள், எந்த ஆவணம் எடுபட்டது என்றும் சொல்லுங்கள்.