தில்லிக் குளிருக்குத் தப்பி அப்பாவை மலைப்பக்கம் கூட்டிப் போகலாமா?

மயூர் விஹார்க்காரன்:
அப்பாவுக்கு 74 வயது. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய். தினமும் இரண்டு வேளை இன்ஹேலர், நவம்பர் பிறந்தால் நெபுலைசரும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பர் 18 அன்று தில்லியில் காற்றுத் தரக் குறியீடு 494க்குப் போனதே, அன்று ராத்திரி முழுக்க அவர் படுக்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். இந்தத் தடவை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இமாச்சலில் வீடு எடுத்து அவரையும் அம்மாவையும் தங்கவைக்க நினைக்கிறேன். மண்டி மாவட்டத்தில் சுந்தர்நகர் பக்கம், பல்ஹ் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். சுற்றிக் கோதுமை வயல், அதற்கப்பால் மலை. வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் வானம் அப்படி ஒரு நீலம். நேர்சௌக் மருத்துவக் கல்லூரியும் பக்கம்தான். என்ன சொல்கிறீர்கள்?

கரோல்பாக் கணக்கர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது சார்? இங்கே இருந்தால் பராலிப் புகை, அதாவது வயலில் வைக்கோல் தாளை எரிக்கும் புகை, அது முடிந்ததும் கேட்டுக்குக் கேட் காவலாளிகள் மூட்டும் அங்கீட்டி என்ற கணப்புச் சட்டி, ஜனவரியில் பனிமூட்டம். கிளம்புங்கள்.

பல்ஹ்வாசி:
அண்ணா, அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். அக்டோபர் என்றால் நம்பாதீர்கள். நான் நேர்சௌக் பக்கம் ஒரு ஒப்பந்த வேலையில் மூன்று குளிர்காலம் இருந்தவன். மழை விட்ட செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை அந்தப் பள்ளத்தாக்கைப் போல அழகு கிடையாது. டிசம்பர் வேறு கதை.

மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். அப்புறம் சரிவுகளில் இருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி கீழே வழிந்து வந்து தரையில் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. அதாவது சட்டிக்கு மூடி போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வீடு விறகு அடுப்பு எரியும். புகை கூரைக்கு மேல் கொஞ்ச தூரம் போய், அங்கேயே பாயாக விரிந்து நிற்கும். சுகேதி ஓடையை ஒட்டி மூடுபனியும் சேர்ந்தால் காலை பத்து, பத்தரை வரை எதிர்வீடு தெரியாது. வானிலைத் துறை இமாச்சலில் மூடுபனி எச்சரிக்கை விடும்போது பிலாஸ்பூரோடு பல்ஹ் பெயரும் தவறாமல் வருவதைக் கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தரம் எட்டாத நகரங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இமாச்சலிலிருந்து ஏழு ஊர்கள். அதில் சுந்தர்நகரும் ஒன்று.

கரோல்பாக் கணக்கர்:
பயமுறுத்தாதீர்கள். பட்டியலில் இருப்பதும் தில்லி மாதிரி இருப்பதும் ஒன்றா? அங்கே பிரச்சினை பெரும்பாலும் பி.எம். 10, அதாவது சாலைப் புழுதி மாதிரிப் பெரிய துகள். நுரையீரலின் ஆழத்துக்கு இறங்குவது பி.எம். 2.5 என்ற நுண்துகள். அதற்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. தில்லி நவம்பரில் இரண்டையும் எத்தனை மடங்கு தாண்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் செயலியில் போன ஜனவரி முழுக்க அந்தப் பக்கம் மஞ்சளை, அதாவது நடுத்தரத்தை, தாண்டவே இல்லை.

பல்ஹ்வாசி:
செயலியா! அந்தத் திட்டத்தின் கையால் இயக்கும் நிலையங்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் அளக்கும், வருடத்துக்கு 104 நாள். நிலையமே இல்லாத கிராமத்துக்கு உங்கள் செயலி காட்டுவது செயற்கைக்கோளும் கணினியும் சேர்ந்து போட்ட மதிப்பீடு. பள்ளத்தையும் அதற்கு மேலே உள்ள சரிவையும் ஒரே கட்டமாக வைத்து ஒரே எண்ணைக் கொடுக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தரையில் நின்று மூச்சு விட்டவனுக்கு மஞ்சளும் தெரியாது, பச்சையும் தெரியாது. தில்லியை விட மோசம் என்று நான் சொல்லவில்லை. புகைக்குத் தப்பிப் போகிறவர் புகை தேங்கும் இடத்தையே தேடிப் போக வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

முனிர்கா அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் வெளிக்காற்றைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். வயதானவர்கள் குளிர்காலத்தில் எங்கே இருப்பார்கள்? வீட்டுக்குள்ளேதான். என் அம்மாவை ஒரு டிசம்பரில் குல்லு பக்கம் வைத்திருந்தோம். தகரத் தந்தூர் அடுப்பில் விறகு போட்டு அறையைச் சூடாக்குவார்கள். புகைபோக்கி இணைப்பில் ஓட்டை. மூன்றாம் நாளே இருமல். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயை இறுக்கும், அது வேறு. கரி அங்கீட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டு வர விடாதீர்கள் தம்பி, கார்பன் மோனாக்சைடில் தூக்கத்திலேயே போனவர்களைப் பற்றி வருடா வருடம் செய்தி வருகிறது. மின் ஹீட்டர் தாங்கும் அளவுக்கு அந்த வீட்டில் வயரிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர்ப்பக்கம் போ:
நாலு மாதத்துக்கு இமாச்சல் எதற்கு? கோயம்புத்தூரோ தென்காசியோ போகட்டும். சாம்பாராவது கிடைக்கும்.

மயூர் விஹார்க்காரன்:
ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு இங்கே வேலை. அவசரம் என்றால் ஒரு ராத்திரியில் போய்ச் சேரும் தூரம் வேண்டும், அதனால்தான் இமாச்சல். அப்பாவின் கவலை வேறு, அந்தக் குளிரில் தயிர் உறையுமா என்று கேட்கிறார்.

பல்ஹ்வாசி, அப்படியானால் ஏப்ரலில் கூட்டிப் போகலாமா? வெயிலுக்கும் தப்பலாம்.

பல்ஹ்வாசி:
ஏப்ரல், மே, ஜூனில் காட்டுத்தீ. கீழ்ச்சரிவு முழுக்க சீர் பைன் மரங்கள். உதிர்ந்த ஊசியிலை காய்ந்தால் ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஏப்ரலில் பக்கத்து உத்தராகண்டில் நைனிதால் பக்கம் விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டு ஊற்றியது நினைவிருக்கும். எல்லா வருடமும் அப்படி இல்லை, ஆனால் மூச்சுத் திணறல் உள்ளவரை வைத்துக்கொண்டு சூதாட வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் காற்று கழுவி விட்ட மாதிரி இருக்கும், ஆனால் 2023இல் பார்த்தோமே, மலை சரிந்தால் பாதையே இருக்காது. மருத்துவக் கல்லூரி பக்கம் இருந்தும் போய்ச் சேர முடியாது.

உங்களுக்கு வேண்டியது குளிர்காலம் என்றால் ஊரை மாற்ற வேண்டாம், உயரத்தை மாற்றுங்கள். தரையிலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டர் மேலே, தெற்குப் பார்த்த சரிவில் வீடு தேடுங்கள். பல நாள் காலையில் அங்கிருந்து பார்த்தால் மூடுபனி காலுக்குக் கீழே பால் ஏரி மாதிரி கிடக்கும், உங்கள் வீட்டில் வெயில் அடிக்கும். ராத்திரியில்கூட கீழே இருப்பதைவிட அங்கே குளிர் குறைவு.

கரோல்பாக் கணக்கர்:
சரி, இது நியாயம். ஆனால் மேலே போனால் ஆம்புலன்ஸ்? படி ஏற அவரால் முடியுமா? நான் கீழே வீடு, நல்ல ஏர் ப்யூரிஃபையர், ராத்திரி வெளியே வராமல் இருப்பது என்றுதான் சொல்வேன். மின்சாரம் போகாத வரை.

முனிர்கா அக்கா:
அந்த "போகாத வரை"யில்தான் எல்லாம் இருக்கிறது. பனி பெய்தால் கம்பி அறுந்து விழுகிற ஊர்கள்.

மயூர் விஹார்க்காரன்:
அம்மா இரண்டுக்கும் தயார். வெள்ளிக்கிழமை ராத்திரி காஷ்மீரி கேட்டில் மணாலி பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் நேர்சௌக்கில் இறங்கச் சொல்கிறார், காரில் வந்து கூட்டிப் போவாராம்.

பல்ஹ்வாசி:
நேர்சௌக்கிலேயே இறங்குங்கள், ஆனால் அவரை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்கள். பஸ் விடியற்காலையில் விட்டுவிடும். சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்காருங்கள். கண் எரிகிறதா, ஸ்வெட்டரில் புகை வாசம் ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு டாக்ஸியில் மேலே போய் அதே ஸ்வெட்டரை வெயிலில் உதறுங்கள். தயிருக்கு ஹாட் பாக்ஸ் போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மூன்று குளிர்காலமும் எனக்கு உறைந்தது.