புதுப்பிப்பு: மரவில்லோடு மலைச்சிங்க வேட்டை, வழிகாட்டியைத் தேர்வது எப்படி

அமெரிக்காவில் மலைச்சிங்க (பியூமா) வேட்டைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டிகளின் கட்டணத்தையும் வெற்றி விகிதத்தையும் மட்டும் முந்தைய பதிவில் ஒப்பிட்டிருந்தோம். அது போதாது; லாங்போ (நீண்ட மரவில்), ரிகர்வ் (நுனிகள் வெளிப்புறம் வளைந்த வில்) வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்காக இந்தச் சேர்க்கை.

முதலில் மாநிலம். ஓரிகன் 1994-லும் வாஷிங்டன் 1996-லும் நாய்களை விட்டு மலைச்சிங்கத்தை வேட்டையாடுவதைத் தடை செய்துவிட்டன. கலிபோர்னியாவில் மலைச்சிங்க வேட்டையே கிடையாது. ஐடஹோ என்றால் வழிகாட்டி மாநில உரிமம் உள்ளவரா என்று பாருங்கள்.

அடுத்தது, சிங்கத்தைத் துரத்தி மரத்தில் ஏற்றும் நாய்கள். அவை அவருடையவையா, இரவல் வாங்கியவையா? அம்பு எய்யும் முன் எல்லாவற்றையும் பிடித்துக் கட்டுவாரா? காயம்பட்ட சிங்கம் மரத்திலிருந்து குதித்தால் முதலில் மாட்டுவது அவிழ்ந்து கிடக்கும் நாய்தான். "பார்த்துக்கலாம்" என்று மழுப்புகிறவர் வேண்டாம்.

வில்லுக்கென்று ஒரு கேள்வி: எய்ய இடம் தேட நேரம் தருவாரா? நேர் கீழே நின்று எய்தால் அம்பு ஒரு நுரையீரலோடு நின்றுவிடலாம். சரிவில் மேலே ஏறி, விலங்கின் மட்டத்துக்கு நெருங்கி, 10–15 கஜத்தில் நிற்க வேண்டும். லாங்போவின் கீழ்க்கை (வில்லின் கீழ்ப்பாதி) கிளையிலோ பனியிலோ தட்டாமலும் இருக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவரிடம் இது நடக்காது.

குட்டியோடு திரியும் பெண் சிங்கத்தை எப்படி விலக்குவார் என்றும் கேளுங்கள். தடத்தில் சின்னக் காலடிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று நாயை அவிழ்க்கும் முன்பே பார்ப்பவர்தான் விவரமானவர்.

தடம் காட்டும் புதுப்பனி விழாவிட்டால் தேதியை மாற்றித் தருவாரா, முன்பணம் போய்விடுமா? எழுத்தில் வாங்குங்கள். இறகு அம்புகளுக்கு நீர்புகாப் பொடி மறக்க வேண்டாம், நனைந்தால் படிந்துபோகும்.