பிராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்த் தொல்லை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருநெல்வேலி, வயது 67

எனக்கு நடந்தது டி.யு.ஆர்.பி., அதாவது சிறுநீரை அடைத்த பிராஸ்டேட் பகுதியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுப்பது. சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை மூன்றாம் நாள் எடுத்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். எரிச்சலும் அடிக்கடி ஓட வேண்டியிருப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நான் எழுத வந்தது பன்னிரண்டாம் நாள் காலையைப் பற்றி. மலச்சிக்கலால் சற்று முக்கிவிட்டேன். அதன்பின் சிறுநீர் கழித்தபோது, ஒரு வாரமாகத் தெளிந்திருந்தது பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறத்தில் இறங்கி, புளியங்கொட்டை அளவில் ஓர் இரத்தக்கட்டியும் வெள்ளைப் பீங்கானில் விழுந்தது. மனைவியைக் கூப்பிடவும் குரல் வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆறிவரும் புண்ணின் பொருக்கு இரண்டு வாரத்தையொட்டி உதிரும்போது இப்படி ஆவதுண்டு என்றும், கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றாலோ இரத்தம் குறையாவிட்டாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே வர வேண்டும் என்றும், இல்லையென்றால் தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுத்தால் போதும் என்றும் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். இரண்டு நாளில் தெளிந்தது. அனுப்பும்போதே இதை ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

கோயம்புத்தூர், மகள்

அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதால் பிராஸ்டேட் சுரப்பியை முழுதாகவே எடுத்தார்கள். குழாய் பத்து நாள் இருந்தது. இரண்டாம் மாதம் ஓர் உறவினர் திருமணத்தில், அட்சதை போட எழுந்தவர் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். வேட்டியின் பின்புறம் நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "அந்தத் துண்டை எடும்மா" என்றார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. இப்போது நான்காம் மாதம். கசிவை உறிஞ்ச நாளைக்கு ஐந்து பேட் என்றிருந்தது இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்தக் குரல்தான் எனக்கு மறக்கவில்லை.

தஞ்சாவூர், வயது 71

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன திருநெல்வேலி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எந்நேரமும் குடித்தால் இரவு உறக்கம் போய்விடும். எனக்கு ஓர் இரவில் எட்டு முறை ஆனது. பயந்து தண்ணீரையே குறைத்தேன். எரிச்சல் இரட்டிப்பாகி, கிருமித்தொற்றில் முடிந்தது. எனவே பகலில் குடியுங்கள், மாலைக்குமேல் குறையுங்கள், காபியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். சகோதரியின் அப்பா இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் செய்கிறாரா? வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றிய தசையை இறுக்கி, மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. குழாய் இருக்கும்போது செய்யக்கூடாது. சிறுநீர் கழிக்கையில் நடுவே நிறுத்திப் பழகவும் கூடாது. எழுவதற்கும் இருமுவதற்கும் முன் ஒருமுறை இறுக்கினால் கசிவு குறையும்.

மதுரை, வயது 64

தஞ்சாவூர் அண்ணன் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிறார். திருமணத்தில் நேர்ந்தது, முழுச் சுரப்பியை எடுத்தபின் சிறுநீரை அடக்கிவைக்கும் மூடுதசை பலம் குறைந்து எழுந்தால் கசிவது. எங்களைப் போன்ற டி.யு.ஆர்.பி.காரர்களுக்கோ, அடைப்பை எதிர்த்துப் பல வருடம் தள்ளித் தள்ளித் தடித்துப்போன சிறுநீர்ப்பை, அடைப்பு நீங்கிய பிறகும் சில வாரம் பழைய அவசரத்தை விடுவதில்லை. மூன்றாம் வாரம் திருச்சிப் பேருந்தில் விராலிமலை தாண்டியதும் எனக்கு அந்த அவசரம் வந்தது. ஓட்டுநரின் தோளைத் தொட்டு, "தம்பி, ஆபரேஷன் ஆன உடம்பு" என்றேன். அவர் ஒன்றுமே கேட்காமல் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, நான் ஏறும்வரை கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர், மகள்

பயிற்சியை முதல் மாதத்திலிருந்தே செய்கிறார், ஐயா. மதுரை ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேருந்தில் இருந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா, கேள்" என்கிறார்.