புதுப்பிப்பு: மாநாட்டினருக்கான சென்னை அருங்காட்சியகச் சுற்றுகள்

சென்னையில் நடந்த அருங்காட்சியகப் பணியாளர் மாநாட்டில், விரும்புவோருக்கு மட்டுமான சுற்றாக வெள்ளிக்கிழமை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டுக்கும் வெள்ளிதான் விடுமுறை என்று சுட்டிக்காட்டி, எழும்பூரை வியாழன் பிற்பகலுக்கு நகர்த்தி, தென்னிந்திய மரபு வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும், செவ்வாயன்று மட்டும் மூடியிருக்கும் தட்சிணசித்ராவை வெள்ளிக்கு வைக்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. கோட்டையை விட்டுவிட்டோம்.

எதிர்பாராதது எழும்பூரில் நடந்தது. 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் வெண்கலக் கூடத்துக்கே அதிக நேரம் ஒதுக்கியிருந்தோம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் கூட்டம் நின்றதும் உண்மை. ஆனால், 1930-இல் அங்கே வேதியியலாளராகச் சேர்ந்த எஸ். பரமசிவன், வெண்கலத்தைப் பச்சைப் பொடியாக உதிர்க்கும் குளோரைடு அரிப்பை மின்பகுப்பால் (கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி) நீக்கியதைச் சொன்னதும் கேள்விகள் அடங்கவே இல்லை. படிமங்களைப் பார்க்க வந்தவர்கள் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தவரைப் பற்றியே கேட்டார்கள். கலைப்பொருள் பாதுகாப்பாளர்கள் குழுவில் இருந்தால் அரைமணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

தட்சிணசித்ராவில், பிரித்தெடுத்து வந்து மீண்டும் நிறுத்திய செட்டிநாட்டு வீட்டின் மரத்தூண்களைத் தடவிப் பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. அது நகருக்கு வெளியே முட்டுக்காட்டில் இருப்பதால், மாலை விமானம் பிடிப்பவர்களை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம்.