அறுபதாம் கல்யாணத்துக்கான பெற்றோர் படம்: முகநிறத்தை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் 16-க்கு 20 அங்குல அளவில் வைப்பதற்காக, நம் மூத்தோர் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், சென்ற ஞாயிறு காலை பதினொன்றரை மணிக்கு இருவரையும் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மெகாபிக்சல், 85 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 1.8, ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவு. ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலக்கோப்பு) என்னிடம் இருக்கிறது. அம்மா அரக்குப் பட்டில் முன்னால் நிற்கிறார். அப்பா வேட்டி சட்டையில் அரையடி பின்னால் நிற்கிறார்.

முகங்களில் பச்சை படிந்து, கண்குழிகள் இருண்டிருந்தன. எனவே லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை ஏற்றிவிட்டு, பிறகு ஒரு கைப்பேசிச் செயலியில் தோலை மென்மையாக்கினேன். உறவினர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் மச்சம் எங்கேப்பா? இது யாரோ மாதிரி இருக்குதே" என்றார். தாடையோரத்து மச்சத்தைச் செயலி துடைத்துவிட்டதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. அம்மாவை அம்மாவாகவே வைத்துக்கொண்டு படத்தை மேம்படுத்த வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

ரா கோப்பு இருப்பதால் கவலை வேண்டாம். செய்த திருத்தங்களை எல்லாம் நீக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து வாருங்கள். நம் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு வரம்புக்குள்தான் வருகிறது. அதன் ஒளிர்வை ஏற்றினால் இருண்ட கண்குழி மட்டுமன்றி முகம் முழுவதுமே வெளுக்கும். தாலிக்கொடியையும் பட்டின் சரிகையையும் பெரிதாக்கிப் பாருங்கள், பொன்னிறம் போய் வைக்கோல் நிறமாகியிருக்கும்.

பச்சைக்குக் காரணம் இலைகளின் ஊடே இறங்கிய வெளிச்சமும் புல்தரையிலிருந்து எதிரொளித்த வெளிச்சமும். டின்ட் என்ற பச்சை-மஜென்டா (ஊதாச்சிவப்பு) அளவியை மஜென்டா பக்கம் சற்றுத் தள்ளினால் அது அகலும்; ஆனால் படம் முழுவதற்கும் தள்ளினால் அரக்குப் பட்டு ரோஜா நிறத்துக்குப் போய்விடும். ஆகையால் முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அந்த இடங்களில் மட்டும் விழும்படி தேர்ந்தெடுத்து), சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். அப்பாவின் சட்டை உங்களுக்கு நல்ல சாட்சி: அதில் எந்த இடம் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ, அதன் அருகிலுள்ள தோலிலும் ஏறக்குறைய அவ்வளவு பச்சை இருக்கிறது. கண்குழிக்குத் தனி மாஸ்க் போட்டு, நிழலை மட்டும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) அளவுக்கு உயர்த்தினால் போதும். அதற்கு மேல் உயர்த்தினால், தலைக்கு மேல் வெயில் இருந்த நேரத்தில் முகத்துக்கு மட்டும் விளக்குப் பிடித்ததுபோல் ஆகிவிடும்.

மறுமொழி 2

தம்பி, ஃபிலிம் காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு லேப்பில் பல ஆண்டுகள் படம் கழுவியவன் நான். அப்போது நிறத்தைச் சரிபார்க்க கோடாக்கின் ஷெர்லி அட்டை என்ற ஒன்றை வைத்திருப்போம். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் முகம் சரியாக விழும்படி இயந்திரத்தை அமைத்துவிட்டு நம் வீட்டுக் கல்யாணப் படங்களை ஓட்டினால், மணமக்களின் முகத்தில் நுணுக்கம் எதுவும் தெரியாது. ஒவ்வொரு சட்டகத்தையும் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. நம் தோலை வெளுக்கச் செய்தால்தான் படம் அழகு என்று நினைக்கும் பழக்கம் இன்றும் செயலிகளில் தொடர்வதைப் பார்க்கையில் எனக்கு மனம் கசக்கிறது. கறுப்புத் தோலுக்கென்று ஒரு மினுமினுப்பு உண்டு, அது நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் ஒளியில் இருக்கிறது. அங்கே ஹைலைட்டைக் கூட்டுங்கள், தோலின் நடுத்தொனியைத் தொடாதீர்கள்.

உங்கள் அம்மா கேட்டதுதான் இந்தப் படத்துக்குக் கிடைத்த மிகச் சரியான கருத்து. பரு, கொசுக்கடித் தழும்பு முதலியவற்றை நீக்கலாம். அடுத்த வாரம் அவை தாமாகவே மறைந்துவிடும். மச்சமும், சிரிப்பில் கண்ணோரம் விழும் கோடுகளும் அவருடையவை.

மறுமொழி 3

அப்பாவின் கண்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லையே! நீங்கள் சொல்லும் லென்ஸ், தொலைவு, எஃப் 1.8 ஆகியவற்றின்படி ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. அரையடி பின்னால் நிற்பவர் அதற்குள் வரமாட்டார். துளையைச் சுருக்கி எஃப் 5.6 வைத்து, இருவரையும் தோளோடு தோள் நிற்க வைத்திருக்க வேண்டும். மங்கலைக் கூர்மைப்படுத்தும் கருவிகளால் திருத்த முயன்றால் மீசை கம்பிபோல் ஆகிவிடும். அப்பாவின் மேல் ஃபோகஸ் விழுந்த வேறு படம் இருந்தால், அதிலிருந்து அவர் முகத்தை அடுக்காக எடுத்து இதில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் மாலை ஆறரைக்கு மீண்டும் போங்கள். நமக்கு ஏழு மணியளவில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடுவதால் இளவெயில் சிறிது நேரமே கிடைக்கும். முன்னதாகவே போய் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தொடர்ச்சியாக எடுத்தவற்றில் அப்பாவின் மேல் ஃபோகஸ் விழுந்த படம் ஒன்று கிடைத்தது. அவர் முகத்தை அதிலிருந்து சேர்த்து, மற்றவற்றை நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறேன். ஆனால் நெடுவாக்கில் 4000-க்கு 6000 பிக்சல் உள்ள படத்தை 16-க்கு 20 விகிதத்தில் வெட்டினால் உயரத்தில் 1000 பிக்சல் போகிறது. அளவு போதுமா?

மறுமொழி 2

4000-க்கு 5000 என்றால் அங்குலத்துக்கு 250 பிக்சல் வருகிறது. வாசலில் நின்று பார்க்கும் படத்துக்குத் தாராளம். மேலே மரக்கிளைகளை வெட்டுங்கள், கீழே அம்மாவின் மணிக்கட்டில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், அச்சில் எப்போதும் சற்று இருண்டே வரும். பெரிய அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் 4-க்கு 6 அளவில் ஒன்று எடுத்து வீட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

சிறிய அச்சை நேற்றிரவு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், குழல்விளக்கின் கீழ் அம்மாவிடம் கொடுத்தேன், ஐயா. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் தாடையோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஈப்போவிலிருக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்று போடச் சொன்னார்.